கொடித்தோடைப் பந்தலுக்கு மண்ணெண்ணெய் வேண்டாம்

ரொறன்ரோ
சித்திரை 20

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கட கடிதம் வந்து மூண்டு கிழமை. பதில் பிந்தினதுக்குக் குறை நினைக்காதேங்கோ. இங்க எல்லாம் நல்லபடி. வருஷம் பிறந்தும் குளிர்தான் விடேல்லை.

முதல்ல பந்தல் விஷயம். பந்தல் தடியில கருவண்டு போட்ட துளைக்குள்ள மாமா மண்ணெண்ணெய் ஊத்தப்போறாராம் எண்டு எழுதியிருந்தீங்கள். விடாதேங்கோ. அந்தக் கருவண்டு இல்லாட்டில் கொடித்தோடை, அதுதான் பாஷன் புரூட், காய்க்காது. சின்னத் தேனீ பூவுக்குள்ள பூந்து தேனைக் குடிச்சிட்டுப் போயிடும், மேல நிக்கிற குறியில, மகரந்தம் ஒட்டவேண்டிய முனையில, அதின்ர முதுகு முட்டாது. கருவண்டின்ர முதுகு முட்டும். கத்தரிப் பூவையும் அதுதான் பிடிச்சு இரைஞ்சு அதிர வைச்சு மகரந்தத்தைக் கொட்டவைக்கும்.

வண்டு வந்தும் பூ உதிருதெண்டால் காரணம் வேற. மஞ்சள் கொடித்தோடைக்குத் தன்ர மகரந்தம் ஒத்துவராது. மாமி வெட்டித் தந்த தடியில வந்த ரெண்டு கொடியும் ஒரே கொடிதான், ரெண்டெண்டு கணக்கில்லை. வேற வீட்டுப் பழத்தின்ர விதையில ஒண்டு முளைக்கப் போடுங்கோ. அதுவரைக்கும் பின்வீட்டுக் கொடியில பூ வாங்கி, பின்னேரம் ரெண்டு மணிக்குப் பிறகு, நடுவில இருக்கிற மூண்டு குறியிலயும் மகரந்தத்தைத் தடவுங்கோ. குறி கீழ வளைஞ்ச பூவாய்ப் பாருங்கோ, நிமிர்ந்து நிக்கிறது காய்க்காது.

கருவண்டு மரத்தைத் தின்னிறேல்லை, அரைச்சு வெளிய தள்ளும். ஒன்றரைச் சென்ரிமீற்றர் அகலத் துளை உள்ள போய் மரத்தின்ர இழையோட திரும்பும். அறைக்கு ஒரு மகரந்த உருண்டை, ஒரு முட்டை. இப்ப அடைச்சால் குஞ்சு செத்திடும், தாய் பக்கத்தில புதுத் துளை போடும். வெறும் மரத்தைத்தான் தேடி வரும். மற்றத் தடியளுக்கு எண்ணெய்ப் பெயின்ற் ரெண்டு தரம் அடிச்சு, இந்த ஒண்டை அதுக்கு விட்டுடுங்கோ. முகத்துக்கு நேர நிண்டு இரையிறது ஆண், கொடுக்கில்லை. பெண்ணையும் கையால பிடிச்சால்தான் குத்தும்.

பக்கத்து வீட்டு இத்தாலியக் கிழவரும் வேலியில ஒரு கட்டையை இப்பிடி விட்டிருக்கிறார். இங்கத்தைக் கருவண்டு குளிர் முழுக்க மரத்துக்குள்ளதான். துளையில காதை வைச்சன், ஒரு சத்தமும் இல்லை. வெள்ளவத்தையில பின்விறாந்தையில இருந்தால் தலைக்கு மேல இரையுமே அம்மா.

காசு இந்த மாசம் ரெண்டு தரமாய் வரும், யோசிக்காதேங்கோ. முதல்ல தம்பியின்ர கட்டணத்தைக் கட்டுங்கோ. வத்தளைக் காணி உறுதியை மாமா கேட்டால் கொப்பியைக் குடுங்கோ, மூலத்தை அலுமாரியை விட்டு எடுக்க வேண்டாம். தங்கச்சியின்ர சாதகம் இன்னும் வந்து சேரேல்லை.

உங்கட மகன்