மதுரை ஜவுளிக்கடை முதலாளிமாருக்கு ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரிய முதலாளிமாருக்கு,

வணக்கம். விளக்குத்தூண் பக்கத்துக் கடை ஒன்றில் சேலைப் பிரிவில் நிற்கும் பெண் எழுதுகிறேன்.

சென்ற வாரம் எங்கள் கடையில் நடந்தது இந்நேரம் உங்கள் காதுக்கும் வந்திருக்கும். வாத்து முகம் போட்ட மஞ்சள் ரப்பர் செருப்போடு வந்த ஓர் அக்காவை, முகூர்த்தப் பட்டு எடுக்க வந்த குடும்பத்தின் முன்னால் வைத்து, "இதென்ன கோமாளி வேஷம்?" என்று கேட்டார் மேற்பார்வையாளர். செருப்பைக் கழற்றிக் கிடங்கில் போடச் சொன்னார். கடை அடைக்கும்வரை அக்கா வெறுங்காலோடுதான் சேலை விரித்தார்.

அவருக்குச் சர்க்கரை நோய். மருத்துவர் சொன்ன எம்.சி.ஆர். செருப்பு, அதாவது சர்க்கரை நோயாளிகளுக்கான மெத்தென்ற ரப்பர் செருப்பு, சீருடைக்குப் பொருந்தாது என்று ஏற்கெனவே மறுத்துவிட்டார்கள். மெத்தென்று இருக்கிறதே என்று மகளின் செருப்பைப் போட்டு வந்தார். சர்க்கரையால் காலில் உணர்ச்சி குறைந்தவர்களுக்குக் குண்டூசி ஏறினாலும் உறைக்காது. புண்ணான பிறகுதான் தெரியும். ஜவுளிக்கடைத் தரையில் குண்டூசிக்கா பஞ்சம்?

நீங்கள் கொடுத்திருக்கும் கறுப்பு கட் ஷூ எங்களுக்கு ஒத்துவரவில்லை, ஐயா. மதியத்துக்குள் கால் வீங்கி, ஷூவின் விளிம்பு புறங்காலில் அழுந்தப் பதிந்துவிடுகிறது. கழற்றினால் மறுபடி கால் நுழையாது என்று பயந்து, சாப்பிடும்போதும் கழற்றுவதில்லை. குதிகாலை ஊன்ற முடியாமல் முன்பாதத்தில் நின்றே மேல்தட்டுச் சேலைகளை இறக்குகிறோம். கெண்டைக்காலில் நரம்பு சுருண்டு புடைக்காத மூத்த ஊழியர் எங்கள் தளத்தில் இல்லை.

வாத்தைப் பார்த்து அந்தக் குடும்பத்துப் பிள்ளைகள் சிரித்தார்கள், உண்மைதான். ஆனால் அவர்கள் பட்டு எடுத்துக்கொண்டுதான் போனார்கள். எந்தச் செருப்பானாலும் மெத்தென்று இருந்தால் அதைப் போட்டுக்கொள்ள அனுமதியுங்கள்.

கோழிக்கோடு மிட்டாய்த்தெருக் கடைப் பெண்கள் உட்காரும் உரிமைக்குப் போராடினார்கள். கேரளம் 2018-இல் சட்டத்தைத் திருத்தியது. தமிழ்நாட்டிலும் 2021-இல் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் இருக்கை கட்டாயமானது. எங்கள் தளத்துக்கும் முக்காலிகள் வந்தன. உட்கார்ந்தால் "வேலை இல்லையா?" என்று ஓர் அதட்டல். லிஃப்ட் வாடிக்கையாளருக்கு மட்டும். கட்டுகளைச் சுமந்துகொண்டு நாங்கள் படியேறுகிறோம். கழிப்பறைக்குப் போக அனுமதி கேட்கக் கூசித் தண்ணீரைக் குறைத்துக்கொள்ளும் பெண்களும் இருக்கிறார்கள். இரவு பெரியார் நிலையத்தில் பஸ் ஏறினால், அதிலும் நின்றுகொண்டேதான் திருமங்கலம் வரை பயணம். எங்கள் கால்களும் இந்த உடம்பில்தான் இருக்கின்றன என்பது யாருக்கும் நினைவில்லையா?

பொறுத்தருளுங்கள், சொல்ல வந்ததை விட்டு எங்கேயோ போய்விட்டேன். கேட்பது ஒன்றுதான்: மெத்தென்ற செருப்புக்கு அனுமதி. கறுப்பு நிறம்தான் வேண்டும் என்றால் கறுப்பிலேயே வாங்கிக்கொள்கிறோம். செலவும் எங்களுடையதாகவே இருக்கட்டும். மருத்துவர் எழுதிக்கொடுத்த செருப்பை மட்டும் எக்காரணத்தாலும் மறுக்காதீர்கள். தீபாவளிக் கூட்டம் தொடங்கும் முன்பே மேற்பார்வையாளர்களிடம் இதைச் சொல்லிவிடும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சேலைப் பிரிவு ஊழியர் ஒருத்தி,
மதுரை