கண்ணையும் கணக்கில் சேர்க்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

காற்று மாசு குறித்த தங்கள் தலையங்கம் நுரையீரல், இதய நோய்களைப் பற்றி விரிவாகப் பேசியது. ஆனால், மாசு நேரடியாகப் படியும் கண்ணைப் பற்றி ஒரு வரிகூட இல்லாதது வருத்தமளித்தது. மூக்குக்காவது முகக்கவசம் உண்டு. திறந்திருக்கும் கண்ணுக்கோ சில மைக்ரோமீட்டர் தடிமனே உள்ள கண்ணீர்ப் படலம்தான் காப்பு. வாகனப் புகையிலுள்ள நைட்ரஜன் டைஆக்சைடும் நுண்துகள்களும் அப்படலத்தைக் குலைப்பதால் உறுத்தல், சிவப்பு, உலர்கண் முதலியவை ஏற்படுகின்றன. பாதிப்பு மேற்பரப்போடு நின்றுவிடும் என்றும் சொல்வதற்கில்லை: பிரிட்டனில் 1,15,000-க்கும் மேற்பட்டோரின் தரவுகளைக் கொண்டு 2021-இல் வெளியான ஆய்வு, பிஎம் 2.5 நுண்துகள் மிகுந்த பகுதிகளில் வசிப்போரிடம் விழித்திரையின் மையப்பகுதிச் சிதைவு கூடுதலாக இருப்பதைச் சுட்டியது. மாசுதான் காரணம் என்று அது நிறுவவில்லை என்றாலும், அலட்சியப்படுத்தக்கூடிய செய்தியன்று.

நாள்தோறும் இருசக்கர வாகனத்தில் செல்லும் நான், மாலையில் கண்ணோரத்தைக் கைக்குட்டையால் ஒற்றினால் கரிக்கோடு ஒன்று படிவதைப் பார்க்கிறேன். எரிச்சல் தாங்காமல், மருத்துவரைக் கேளாமலே ஸ்டீராய்டு சொட்டு மருந்தை வாரக்கணக்கில் விட்டுக்கொண்டேன். அது கண் அழுத்தத்தைக் கூட்டிப் பார்வை நரம்பையே பாதிக்கக்கூடும் என்பதைப் பரிசோதனைக்குப் பிறகே அறிந்தேன். எனவே, காற்றுத் தர எச்சரிக்கைகளில் கண் பாதுகாப்புக் குறிப்புகளையும் சேர்க்க வேண்டும். போக்குவரத்துக் காவலர்கள், தூய்மைப் பணியாளர்கள் போன்று சாலையிலேயே பணிபுரிவோருக்குக் காப்புக் கண்ணாடியும், ஆண்டுக்கொரு முறை இலவசக் கண் பரிசோதனையும் வழங்க அரசு முன்வர வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்