ஒரு ரெக்கார்டு நோட்டின் கையெழுத்துக்காக: கல்லூரி முதல்வருக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய முதல்வர் அவர்களுக்கும் விலங்கியல் துறைத் தலைவர் அவர்களுக்கும்,

வணக்கம். சென்ற வாரம் இரண்டாம் ஆண்டு செய்முறை வகுப்பில் நடந்ததைத் தாங்கள் இருவரும் அறிவீர்கள். ஆகவே அதை முதலிலிருந்து விவரிக்கப் போவதில்லை. தவளையை அறுக்க மாட்டேன் என்று சொன்ன மாணவியின் தந்தை நான். இதே ஆய்வகத்தில் 1986இல் மெழுகுத் தட்டில் தவளையை மல்லாத்திக் குண்டூசி குத்திய பழைய மாணவனும் நானே. எனவே வெளியாள் ஒருவன் வந்து குறை சொல்வதாகத் தாங்கள் கருத மாட்டீர்கள் என நம்புகிறேன்.

தவளையை மாணவர்களே பிடித்து வர வேண்டும் என்பது துறையின் உத்தரவு. என் மகளும் அவள் தம்பியும் எங்கள் ஊர் ஊருணிக் கரையில் ஒன்றைப் பிடித்து, மூடியில் துளையிட்ட கண்ணாடிப் பாட்டிலில் போட்டு, இரவு முழுவதும் முகப்பில் வைத்திருந்தார்கள். அதைப் பார்த்த அவளுடைய அப்பத்தா, "இது கத்தினால்தானே நமக்கு மழை, இதைப் போய் ஏன் அடைத்து வைத்திருக்கிறாய்?" என்று மட்டும் கேட்டார். மழைநீரைத் தேக்கி வைத்தே பிழைத்த ஊரில் அந்தக் கேள்விக்கு விளக்கம் வேண்டியதில்லை. விடிந்ததும் மகள் பாட்டிலை ஊருணிக்கே கொண்டுபோய்த் திறந்துவிட்டு, வெறுங்கையோடு பேருந்து ஏறினாள்.

அன்று அவள் மூன்று மணி நேரம் தாழ்வாரத்தில் நின்றாள். அதைக்கூட நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மறுநாள் தவளையின் செரிமான மண்டலத்தையும் இரத்த ஓட்டத்தையும் படம் வரைந்து, பாகம் குறித்து, ரெக்கார்டு நோட்டை நீட்டியபோது, "செய்யாத செய்முறைக்குக் கையெழுத்து இல்லை" என்று திருப்பித் தரப்பட்டது. மற்றப் பக்கங்கள் அனைத்திலும் சிவப்பு மையில் கையெழுத்து இருக்கிறது, அந்த ஒரு பக்கத்தில் மட்டும் இல்லை. அந்த ஒன்று இல்லாததால், செய்முறைகள் அனைத்தும் முடிந்தன என்று நோட்டின் முதல் பக்கத்தில் தரும் சான்றிதழிலும் கையெழுத்து இல்லை. அந்தச் சான்றிதழ் இல்லாமல் செய்முறைத் தேர்வு அறைக்குள் கால் வைக்க முடியாது என்பதைத் தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஐந்து நாட்களாக மதிய உணவு இடைவேளையில் அவள் அந்த நோட்டோடு துறை வாசலில் நிற்கிறாள். ஐந்தாம் நாள் ஆய்வக உதவியாளர் ஒரு நாற்காலியை எடுத்துப் போட்டாராம். அவருக்கு என் நன்றி.

நான் கேட்பது ஒன்றுதான். அறுக்க மறுக்கும் மாணவருக்கு மாற்றுச் செய்முறை உண்டு, அதனால் மதிப்பெண் குறையாது என்பதை எழுத்தில் தாருங்கள்.

இது சலுகை அன்று. கல்லூரிகளில் நூல்களும் மாதிரிகளும் திரைப்படங்களும் போதுமானவையாக இருக்குமிடத்தில் விலங்குகள் மீதான சோதனையைத் தவிர்க்க வேண்டும் என்று 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவே சொல்கிறது. விலங்கியல் வகுப்புகளில் அறுவையைப் படிப்படியாகக் கைவிடுமாறு பல்கலைக்கழக மானியக் குழு 2011இல் வழிகாட்டியது. 2014இல் இளநிலை, முதுநிலை இரண்டிலும் நிறுத்தச் சொன்னது. அந்தச் சுற்றறிக்கை நம் கல்லூரிக்கு வரும் வழியில் எந்த ஊருணியில் விழுந்ததோ தெரியவில்லை.

கையால் அறுத்தால்தான் பாடம் மனத்தில் நிற்கும் என்ற வாதத்தை மதிக்கிறேன். ஆனால் 1986இல் எனக்கு மனத்தில் நின்றது வேறு. குளோரோஃபார்ம் போதாமல் போன ஒரு தவளையின் கால், ஊசிக்கு அடியில் இழுத்துக்கொண்டது. அதன் இதயத்துக்கு மூன்று அறைகள் என்பது பாடப்புத்தகத்தில் அதற்கு முன்பே இருந்தது. தவளை பரிசோதனைகளைக் கணினித் திரையில் செய்து பார்க்கப் புதுச்சேரி ஜிப்மரில் எக்ஸ்பார்ம் என்ற மென்பொருளை உருவாக்கி மருத்துவ மாணவர்களுக்கே கற்பிக்க முடிந்திருக்கிறது. நம்மிடமும் ஒரு கணினிக் கூடம் இருக்கிறது. திறப்பு விழாக் கல்வெட்டு பளபளக்கிறது, கதவில் பூட்டும் பளபளக்கிறது. அதைத் திறக்கும் சாவியைவிடத் தவளை எளிதில் கிடைத்துவிடுகிறது போலும். பாடத்திட்டத்தைப் பற்றி மாணவரிடம் ஒரு வார்த்தை கேட்கும் வழக்கம் இல்லாத இடத்தில், முதன்முறையாக ஒருத்தி வாய் திறந்தது ஒழுங்கீனமாகத் தெரிவதிலும் வியப்பில்லை.

சற்றுக் கடுமையாக எழுதிவிட்டேன், பொறுத்தருளுங்கள். என் ஆசிரியர்கள் இருந்த துறை அது. அதன் மீது எனக்குப் பகை இல்லை. செய்முறைத் தேர்வுக்கு இன்னும் 12 நாட்கள் இருக்கின்றன. அதற்குள் மாற்றுச் செய்முறையை, அது மாதிரியோ வரைபடமோ ஊருணித் தவளைகளைக் கரையிலிருந்தே கவனித்து எழுதும் களக்குறிப்போ, துறையே முடிவு செய்து அறிவிப்புப் பலகையில் எழுத்தில் ஒட்ட வேண்டுமெனப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அவளோடு சேர்ந்து மறுக்க நினைத்து, நோட்டுக்குப் பயந்து அறுத்த மாணவர்களும் அதைப் படிப்பார்கள்.

நோட்டு அவள் பையிலேயே இருக்கிறது. நாளை மதியமும் கொண்டு வருவாள்.

இப்படிக்கு,
ஒரு மாணவியின் தந்தை, தங்கள் பழைய மாணவன்