கதவோரம் நின்ற அம்மாள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குடியரசு தினத்தையொட்டி நம் மாவட்டத்து முன்னாள் ராணுவத்தினரைப் பற்றி நீங்கள் போட்டிருந்த பக்கங்களைப் படித்தேன். போர்முனையில் நின்றவர்கள், பதக்கம் வாங்கியவர்கள் எல்லாரும் இருந்தார்கள். ஒரு படத்தில் மட்டும் பெரியவர் ஒருவருக்குப் பின்னால் கதவோரம் அவருடைய மனைவி பாதி முகம் தெரிய நின்றார். படத்துக்குக் கீழே பெரியவரின் பெயர் மட்டும்தான். அந்த அம்மாளைப் பார்த்ததும் இதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

என் அம்மாவும் ராணுவக்காரர் மனைவிதான். 2025 ஜனவரியில், 91 வயதில் இறந்துபோனார். அப்பா மெட்ராஸ் சாப்பர்ஸ். 1951-ல் பெங்களூர் அல்சூர் ஏரிக்கரையில் போய்ச் சேர்ந்தவர், 24 வருஷம் கழித்து நாயப் சுபேதாராக வெளியே வந்தார். பாலம் போடுவது, கண்ணிவெடி எடுப்பது எல்லாம் அந்தப் படையின் வேலை. ராணுவத்தில் அவர்களுக்குச் செல்லப் பெயர் ‘தம்பி’. எங்கள் அப்பா சாகும்வரை பழைய சிநேகிதர்களைத் தம்பி என்றுதான் கூப்பிட்டார், எண்பது வயதுக் கிழவரையும்.

அந்த 24 வருஷத்தில் அவர்கள் இரண்டு பேரும் ஒரே கூரையின் கீழ் இருந்தது, லீவு நாட்களையும் பெங்களூர் குவார்ட்டர்ஸில் இருந்த இரண்டு வருஷத்தையும் சேர்த்தாலும், ஆறு வருஷம் தேறாது. மற்ற காலமெல்லாம் நாசரேத் பக்கத்தில் எங்கள் கிராமத்தில் அம்மாவும் நாங்கள் நாலு பிள்ளைகளும், ஒரு பாட்டியும். அப்பாவின் கடிதங்களில் 56 ஏபிஓ என்றுதான் முகவரி இருக்கும். அது ராணுவத் தபாலின் பொது முகவரி. ஆள் லடாக்கில் இருந்தாலும் அதுதான், ராஜஸ்தானில் இருந்தாலும் அதுதான். 56 ஏபிஓ என்று வடக்கே ஒரு ஊர் இருக்கிறது என்று நான் ஆறாம் வகுப்பு வரை நம்பிக்கொண்டிருந்தேன்.

அம்மா மிஷன் பள்ளியில் ஐந்தாவது படித்தவர். எங்கள் தெருவிலேயே இன்னும் மூன்று வீட்டில் ஆம்பளைகள் பட்டாளத்தில் இருந்தார்கள். அந்த வீட்டுப் பெண்களுக்கும் இன்லேண்டு கடிதம் எழுதிக்கொடுப்பது அம்மாதான். புருஷனுக்குச் சொல்ல வேண்டியதை இன்னொருத்தியிடம் சொல்லி எழுதவைப்பது லேசா? அம்மா காதில் விழுந்ததை எழுதுவார், அப்புறம் அதைப் பற்றி வாயே திறக்கமாட்டார். அந்த மூன்று பேரும் கடைசிவரை அம்மாவிடம் வைத்திருந்த மரியாதைக்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

1971 டிசம்பரில் எனக்கு 15 வயது. 3-ம் தேதி பாகிஸ்தானோடு சண்டை தொடங்கியது. தினமும் சாயங்காலம் கோயில் மணி அடிக்கும் (சர்ச்சைத்தான் நாங்கள் கோயில் என்போம்). குருவானவர் (எங்கள் பக்கம் ‘ஐயர்’ என்போம்) ஊரிலிருந்து போயிருக்கிற ஒவ்வொருவர் பெயராகச் சொல்லி ஜெபம் பண்ணுவார். அப்பா பெயர் வரும்போது அம்மா கண்ணை மூடமாட்டார், நேரே பார்த்துக்கொண்டிருப்பார். 16-ம் தேதி டாக்காவில் பாகிஸ்தான் படையினர் சரணடைந்தார்கள் என்று ரேடியோ சொன்னது. அப்பாவின் கடிதம் வந்தது ஜனவரி இரண்டாம் வாரம். நடுவில் ஒரு கிறிஸ்துமஸ். எங்களுக்குப் புதுத்துணி எடுத்தார், தனக்கு எடுக்கவில்லை. தந்திக்காரர் சைக்கிள் தெருவில் திரும்பினால் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு வாசலுக்கு வந்துவிடுவார். 2013 ஜூலையில் நாட்டில் தந்தியே நிறுத்தப்பட்டபோது பேப்பரில் பார்த்துச் சொன்னேன். “நிப்பாட்டிட்டானா? நல்லதாப் போச்சுட்டி” என்றார்.

அம்மாவைப் பக்தியான பெண் என்று எல்லாரும் சொல்வார்கள். பக்திதான், ஆனால் அது பாதி. ஆம்பளை ஊரில் இல்லாத வீட்டுக்குக் கோயில்தான் ஆள்பலம். மழையில் சுவர் விழுந்தால் கொத்தனாரைக் கூட்டிவந்தது கோயில் பணியாளரான கோயில்பிள்ளை. என் தம்பிக்கு டைபாய்டு வந்த ராத்திரி வண்டி கட்டியது குருவானவருக்கு உதவியாக இருந்த உபதேசியார். அம்மா அதைக் கடனாக வைத்துக்கொள்ளவில்லை. ஒவ்வொரு வேளையும் உலைக்கு அரிசி போடும்முன் ஒரு கைப்பிடி எடுத்துத் தனிப் பானையில் போடுவார். பானை நிறைந்ததும் அது கோயிலுக்கு. ரேஷன் அரிசி தட்டுப்பாடான வருஷங்களிலும் அந்தக் கைப்பிடி சிறுக்கவில்லை; எங்கள் சோறுதான் கொஞ்சம் கஞ்சியானது. பெண்கள் ஐக்கிய சங்கக் கணக்கை முப்பது வருஷம் எழுதினார். ஊரே கோயிலில் கூடிச் சாப்பிடும் அசனப் பண்டிகைக்கு எத்தனை மூட்டை அரிசி, எத்தனை கிலோ பருப்பு என்று நோட்டைப் பார்க்காமல் சொல்வார்.

சரி, கடிதத்தின் காரணத்துக்கு வருகிறேன். அப்பா 2004-ல் இறந்தார். அம்மாவுக்குக் குடும்ப ஓய்வூதியம் வந்துகொண்டிருந்தது. ஆறாவது ஊதியக் குழுவுக்குப் பிறகு வயதானவர்களுக்குக் கூடுதல் ஓய்வூதியம் உண்டு. 80 வயது நிறைந்தால் அடிப்படைக் குடும்ப ஓய்வூதியத்தில் 20 சதவீதம், 85-க்கு 30, 90-க்கு 40, 95-க்கு 50, நூறு வயதைத் தொட்டால் இன்னொரு மடங்கு. அம்மாவுக்கு 2013-லேயே வந்திருக்க வேண்டும். 2017-ல் தற்செயலாக இன்னொரு ராணுவ வீட்டில் பேசிக்கொண்டிருந்தபோதுதான் எங்களுக்கே தெரிந்தது. பார்த்தால், அப்பாவின் ஓய்வூதிய உத்தரவில் அம்மாவின் பெயர் இருக்கிறது, பிறந்த தேதி இல்லை. தேதி இல்லையென்றால் 80 ஆனது கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரியும்?

ஆதாரைக் காட்டினோம். அதில் யாரோ குத்துமதிப்பாகச் சொன்ன வருஷம், நாலு வயது குறைவு. ஓர் அலுவலகத்தில், “பாட்டி பார்க்க அவ்வளவு வயசாத் தெரியலையே” என்று சிரித்தார்கள். கடைசியில் எங்கள் கோயிலின் ஞானஸ்நானப் பதிவேட்டில் தேடினோம். 1933 ஆகஸ்டில் அம்மா பிறந்த தேதி, தாத்தாவின் தொழில் பனையேற்று, ஞானஸ்நானம் கொடுத்தவர் கையெழுத்து எல்லாம் மை மங்காமல் இருந்தன. அதை வைத்து ஆதாரைத் திருத்தி, அதை வைத்து ஓய்வூதியத்தைத் திருத்தி முடிக்க இரண்டு வருஷம் ஆனது. இதற்கிடையில் வருஷா வருஷம் நவம்பரில் உயிர்ச்சான்று வேறு. பாத்திரம் தேய்த்தும் ஓலை முடைந்தும் ரேகை அழிந்துபோன விரலை அந்த இயந்திரம் ஏற்கவே ஏற்காது. அரியர் பணம் வந்ததும் அம்மா முதலில் கேட்டது அதில் பத்தில் ஒரு பங்கு எவ்வளவு என்றுதான். அது தசமபாகமாகக் கோயிலுக்குப் போனது.

எங்களுக்குப் படித்த பிள்ளைகள் இருந்தார்கள், பழைய பதிவேட்டைப் பத்திரமாக வைத்திருந்த கோயிலும் இருந்தது. இரண்டும் இல்லாத வீடுகளில் அந்தப் பணம் கேட்பாரின்றிக் கிடக்கிறது. ராணுவத்தில் இருந்த அப்பா உங்கள் வீட்டில் உயிரோடு இருந்தால், இப்போதே அவருடைய ஓய்வூதிய உத்தரவை எடுத்துப் பாருங்கள். அம்மாவின் பெயர் ஆதாரிலும் வங்கிப் புத்தகத்திலும் இருக்கிற அதே எழுத்தில் இருக்கிறதா, பிறந்த தேதி இருக்கிறதா? இல்லையென்றால் அவர் இருக்கும்போதே திருத்துவது சுலபம்.

மேலே எழுதிய வயது, சதவீதக் கணக்கை ஒரு பெட்டிச் செய்தியாக நீங்கள் போட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அப்படியே, அந்தப் படத்தில் கதவோரம் நின்ற அம்மாளின் பெயரை விசாரித்து அடுத்த இதழில் வெளியிட்டால் சந்தோஷப்படுவேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
நாசரேத்