பத்து விழுக்காட்டுக்குக் கீழே வந்தால் போதுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆய்வேடுகளில் நடக்கும் எழுத்துத் திருட்டைப் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். யாரும் தொடத் தயங்கும் பொருளை எடுத்துக்கொண்டதற்கு நன்றி. ஆனால் அதில் இருந்த ஒரு வரியைப் படித்துவிட்டுப் பேசாமல் இருக்க முடியவில்லை. "ஒப்புமை பத்து விழுக்காட்டுக்குள் வந்துவிட்டால் அது சொந்த எழுத்து என்று மென்பொருளே சான்றளித்துவிடுகிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். ஆய்வேட்டின் எத்தனை விழுக்காடு பிறர் எழுத்தோடு ஒத்துப்போகிறது என்று மென்பொருள் தரும் அறிக்கைகளைப் பல்கலைக்கழக நூலகங்களில் எடுத்துக்கொடுக்கும் எங்களில் ஒருவரைக் கேட்டிருந்தாலும் அந்த வரி அச்சேறியிருக்காது. கேட்கத் தோன்றவில்லையே என்பதுதான் வருத்தம்.

எந்த மென்பொருளும் அப்படிச் சான்றளிப்பதில்லை. ஒத்துப்போகும் வரிகளைக் காட்டுவது மட்டுமே தன் வேலை, அது திருட்டா இல்லையா என்பதைப் படிப்பவர்தான் முடிவு செய்ய வேண்டும் என்று 'டர்னிட்டின்' என்ற ஒப்புமை மென்பொருளைத் தரும் நிறுவனமே சொல்கிறது. உள்ளே நடப்பது இவ்வளவுதான்: கொடுத்த கோப்பைச் சில சொற்கள் கொண்ட சிறுசிறு துண்டுகளாக்கி, ஒவ்வொரு துண்டுக்கும் ஓர் எண் அடையாளம் போட்டு, தன்னிடம் உள்ள களஞ்சியத்தின் அடையாளங்களோடு பொருத்திப் பார்க்கிறது. களஞ்சியத்தில் இல்லாத எதையும் அதனால் பொருத்த முடியாது. வருடப்படாத (ஸ்கேன் செய்யாத) பழைய நூல், படமாக மட்டுமே வருடிய பிடிஎஃப், ஒரு துறையின் அலமாரியில் தூங்கும் எம்.ஃபில். ஆய்வேடு, இவற்றிலிருந்து பக்கம் பக்கமாக எடுத்து எழுதினாலும் அறிக்கையில் சுழியம்தான் வரும்.

எழுத்துத் திருட்டைத் தடுக்கப் பல்கலைக்கழக மானியக் குழு கொண்டுவந்த 2018ஆம் ஆண்டு விதிமுறை உங்களுக்குத் தெரியாதது அல்ல. 10 விழுக்காடு வரை தண்டனை இல்லை. அதற்கு மேல் 40 வரை என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்தித் தர வேண்டும். 40க்கு மேல் 60 வரை என்றால் திருத்திய ஏட்டைச் சமர்ப்பிக்க ஓராண்டுத் தடை. 60ஐத் தாண்டினால் பதிவு ரத்து. இந்த நான்கு படிகளையும் எல்லோரும் மனப்பாடமாகச் சொல்கிறார்கள். அதே விதிமுறையில் இருக்கும் மற்றவற்றை யாரும் சொல்வதில்லை. முறையாகச் சான்று காட்டிய மேற்கோள், துணைநூற்பட்டியல், பொருளடக்கம், முன்னுரை, நன்றியுரை, சட்ட வாசகங்கள், நிலையான சமன்பாடுகள் ஆகியவை கணக்கில் சேரக் கூடாது. பொது அறிவும் தற்செயலான தொடர்களும் 14 தொடர்ச்சொற்கள் வரை விலக்கு. ஆய்வுச் சுருக்கம், கருதுகோள், கண்டறிந்தவை, முடிவுகள், பரிந்துரைகள் ஆகிய பகுதிகளில் ஒப்புமையே இருக்கக் கூடாது. 200 பக்க ஆய்வேட்டில் 6 விழுக்காடு என்றால் ஏறத்தாழ 12 பக்கம். முடிவுரை இயலே அவ்வளவுதான் இருக்கும். அதை முழுவதுமாக வேறொருவரிடமிருந்து எடுத்து வைத்தாலும் உங்கள் கட்டுரையின் கணக்கில் அது சொந்த எழுத்து!

மறுபுறம், 30 விழுக்காடு காட்டும் நேர்மையான ஆய்வேடுகளும் உண்டு. மொத்த எண்ணை விட்டுவிட்டு, அறிக்கையின் வலப்புறத்தில் வரும் மூலங்களின் பட்டியலைப் பார்க்க வேண்டும். 150 மூலங்களோடு ஆளுக்கு 0.2 விழுக்காடு ஒத்தால் மொத்தம் 30. அவை பெரும்பாலும் துறைக்குப் பொதுவான தொடர்கள், கருவிகளின் பெயர்கள், புள்ளியியல் சோதனையை விவரிக்கும் வழக்கமான வாக்கியங்கள். ஒரே மூலத்தோடு 9 விழுக்காடு ஒத்திருந்தால் அங்கேதான் நின்று படிக்க வேண்டும். முகப்புப் பக்கத்தை மட்டும் அச்செடுத்து ஆய்வேட்டோடு சேர்த்துத் தைக்கும் வழக்கம் இருக்கும்வரை இந்த இரண்டையும் யாராலும் பிரித்தறிய முடியாது.

ஒரே கோப்புக்கு இரண்டு இடங்களில் இரண்டு எண் வருகிறதே என்று ஆய்வாளர்கள் பதறுகிறார்கள். மென்பொருளின் அமைப்புகளில் எதை விலக்கினார்கள் என்பதைக் கேட்டாலே விடை கிடைத்துவிடும். துணைநூற்பட்டியலை விலக்கச் சொன்னாலும், அதன் தலைப்பை மென்பொருள் அடையாளம் காணாவிட்டால் பட்டியல் முழுவதும் எண்ணில் சேர்ந்துவிடும். மேற்கோளை விலக்கும் வசதி பெரும்பாலும் மேற்கோள் குறிகளை நம்பி இயங்குகிறது. எனவே உள்தள்ளி அச்சிட்ட சங்கப் பாடல்கள் குறி இல்லாததால் திருட்டுப் போலத் தெரிவது உண்டு. திருடிய மூன்று பக்கத்தைக் குறிகளுக்குள் போட்டால் மறைந்துவிடுகின்றன. முதல் வரைவைச் சோதிக்கும்போது களஞ்சியத்தில் சேமிக்கும்படி விட்டுவிட்டால், அடுத்த முறை அதே ஏடு தன்னோடு தானே ஒத்து 90க்கு மேல் காட்டும். சேமிக்காத முறையைத் தேர்ந்துகொள்வதும், சேமித்துவிட்டால் அந்த ஒரு மூலத்தை விலக்கி மறுபடி கணக்கிடுவதும் ஒரு நிமிட வேலை. இது தெரியாமல் மாணவர்களைத் திருடர்கள் என்று திட்டி அனுப்பிய நெறியாளர்கள் இருக்கிறார்கள்.

தமிழில் எழுதும் ஆய்வாளரின் நிலையைப் பற்றி உங்கள் கட்டுரையில் ஒரு சொல்கூட இல்லை. தமிழ் இதழில் வந்த கட்டுரை என்பதால் இது கூடுதலாக வலிக்கிறது. பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டிய ஏட்டை மென்பொருள் தமிழாகப் பார்ப்பதே இல்லை. அதன் கண்ணுக்கு அது ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்த குப்பை. அந்தக் குப்பை எதோடும் ஒத்துப்போகாது என்பதால் 1 விழுக்காடு, 2 விழுக்காடு என்று அறிக்கை வருகிறது. அதைப் பெருமையாகச் சமர்ப்பிக்கிறார்கள். சோதிப்பது எளிது. பிடிஎஃபில் ஒரு வரியைத் தேர்ந்து நகலெடுத்து நோட்பேடில் ஒட்டுங்கள். தமிழாகவே வந்தால் சரி. எழுத்துகள் சிதைந்தால் ஒருங்குறிக்கு (யூனிகோடு) மாற்றிய பிறகே ஏற்ற வேண்டும். ஒருங்குறியில் தட்டிய ஏடாக இருந்தாலும் பிடிஎஃபிலிருந்து பிரித்தெடுக்கும்போது ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் இடம் மாறிவிடுவது உண்டு. ஆகவே வேர்டு கோப்பைக் கேட்டு வாங்குவதே நல்லது.

இன்னொன்று, அந்த 14 சொல் கணக்கு. ஆங்கிலத்தில் 14 சொற்கள் ஒரு வாக்கியத்தின் பாதியாக இருக்கலாம். வேற்றுமை உருபும் துணைவினையும் சொல்லோடு ஒட்டி நிற்கும் தமிழில் 14 சொற்கள் பெரும்பாலும் ஒரு முழு வாக்கியத்தைத் தாண்டிவிடும்; அதாவது முழு வாக்கியமே விலக்கில் தப்பிவிடும். "எழுதிக்கொண்டிருந்தார்" என்பதைச் சேர்த்தும் எழுதலாம், பிரித்தும் எழுதலாம்; சந்தியை விட்டும் எழுதலாம். இப்படி இடைவெளியை மாற்றினாலே பொருத்தம் அறுந்துவிடும். ஆங்கில நூலை அப்படியே தமிழாக்கி வைத்தாலோ பெரும்பாலான கருவிகளுக்கு எதுவும் தெரிவதில்லை.

ஆங்கில ஏடுகளில் வேறு வகைத் தந்திரங்கள். ஆங்கில எழுத்துக்குப் பதில் அதே உருவம் கொண்ட ரஷ்ய எழுத்தை நுழைப்பது, சொற்களுக்கு இடையே வெள்ளை நிறத்தில் எழுத்துகளை ஒளித்து வைப்பது, பத்தியைப் படமாக ஒட்டுவது. ஏட்டின் பக்க எண்ணிக்கையையும் அறிக்கையில் உள்ள சொல் எண்ணிக்கையையும் சேர்த்து வைத்துப் பாருங்கள், பக்கங்களுக்கு ஏற்ற அளவு சொற்கள் இல்லையென்றால் ஒளித்து வைத்ததும் படமாக்கியதும் வெளிப்படலாம். ரஷ்ய எழுத்துக்கு, சந்தேகப்படும் சொல்லைத் தட்டித் தேடிப் பாருங்கள், கண்ணெதிரே இருக்கும் சொல் தேடலில் அகப்படாது. சொற்களை மாற்றிப் போடும் கருவிகள் செய்யும் கேடு இதைவிடப் பெரிது. கபனாக், லபே, மகசினோவ் ஆகிய ஆய்வாளர்கள் 2021இல் வெளியிட்ட ஆய்வில், செயற்கை நுண்ணறிவைக் குறிக்கும் கலைச்சொல் 'போலிப் பிரக்ஞை' என்று பொருள்படும் தொடராக மாறி ஆய்விதழ்களில் அச்சாகியிருப்பதைக் காட்டினார்கள். ஒப்புமை எண்ணைக் குறைக்கப் போய், அவற்றை எழுதியவர்கள் அறிவியலையே உளற வைத்துவிட்டார்கள். அந்தக் கட்டுரைகளை எந்த எண்ணும் தடுக்கவில்லை.

இந்த நிலைக்கு ஆய்வாளர்களை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சான்று காட்டுவது எப்படி, பிறர் கருத்தைத் தன் மொழியில் சொல்வது எப்படி என்று முதல் ஆண்டில் கற்றுத்தர வேண்டியவர்கள் கற்றுத்தருவதில்லை. கடைசி வாரத்தில், "எப்படியாவது பத்துக்குக் கீழே கொண்டுவா" என்கிறார்கள். ஆய்வாளர்களும் வரிக்கு வரி சொல்லை மாற்றுகிறார்களே தவிர, விடுபட்ட அடிக்குறிப்பைச் சேர்ப்பதில்லை. கருத்து இன்னொருவருடையதாகவே இருக்கிறது, எண் மட்டும் இறங்குகிறது. இந்த வேலையைக் காசுக்குச் செய்துதரும் நிலையங்கள் பெருகிவிட்டன. "ஒப்புமை குறைத்துத் தரப்படும்" என்ற விளம்பரம் உங்கள் இதழிலும் வந்திருக்கிறது. கட்டுரை ஒரு பக்கம், இந்த விளம்பரம் இன்னொரு பக்கம் என்று இருந்தால் வாசகர்கள் எதை நம்புவார்கள்?

ஜெர்மனியின் பாதுகாப்பு அமைச்சராக இருந்த குட்டன்பெர்க் 2011இல் பதவி விலகியதை உங்கள் கட்டுரை மென்பொருளின் வெற்றியைப் போலக் குறிப்பிடுகிறது. அவருடைய முனைவர் பட்ட ஆய்வேட்டில் இருந்த திருட்டு, மதிப்புரை எழுதுவதற்காக அதைப் படித்த ஒரு சட்டப் பேராசிரியர் மூலமாகத்தான் வெளியே வந்தது. பிறகு தன்னார்வலர்கள் இணையத்தில் கூடி, பக்கம் பக்கமாக மூலங்களோடு ஒப்பிட்டுப் பட்டியலிட்டார்கள். உட்கார்ந்து படித்த மனிதர்களின் உழைப்பு அது. அந்தப் பெருமையை அவர்களுக்கே கொடுங்கள்.

உங்களிடம் பெரிதாக எதுவும் கேட்கவில்லை. அடுத்த இதழில் அந்த வரிக்கு ஒரு திருத்தம் வெளியிடுங்கள். இடம் இருந்தால், அறிக்கையின் முகப்புப் பக்கத்தோடு மூலப் பட்டியலையும், எவை விலக்கப்பட்டன என்ற குறிப்பையும் சேர்த்தே கேட்டு வாங்க வேண்டும் என்று நெறியாளர்களுக்கு இரண்டு வரி எழுதுங்கள். அந்த விளம்பரத்தை இனி வாங்காமல் இருந்தால் நன்றியுடையவனாக இருப்பேன்.

தங்கள் நீண்டநாள் வாசகன்,
பல்கலைக்கழக நூலகர் ஒருவர்