கேண்டர்பரியிலிருந்து அக்காவுக்கு

அன்புள்ள அக்கா,

நலம். நீயும் அத்தானும் பிள்ளைகளும் அம்மாவும் நலம்தானே? நான் அனுப்பிய படத்தில் கடை வாசலில் படுத்திருந்தவரைப் பார்த்துவிட்டு, "வெள்ளைக்காரன் ஊரிலுமா வீடில்லாமல் தெருவில் படுக்கிறார்கள்?" என்று கேட்டாய். போனில் சொல்லி முடியாது, அதனால் எழுதுகிறேன்.

இங்கிலாந்தில் இந்தக் கேண்டர்பரி வெளியூர்க்காரர்களை வரவேற்று வளர்ந்த ஊர். 1170இல் பேராயர் தாமஸ் பெக்கெட்டைப் பேராலயத்துக்குள்ளேயே வெட்டிக் கொன்றார்கள். அதன் பிறகு அவர் சமாதிக்குக் கூட்டம் கூட்டமாகப் பாதயாத்திரை வந்தார்கள். ஏழை யாத்ரீகர்களுக்காக ஸ்டவர் ஆற்றின் மேலேயே ஒரு சத்திரம் கட்டினார்கள். ஈஸ்ட்பிரிட்ஜ் என்று பெயர். கடைத்தெருவில் இன்றும் இருக்கிறது, வயதானவர்கள் சிலர் அங்கே குடியிருக்கிறார்கள். நம் பக்கத்து அன்னச் சத்திரங்கள் மாதிரிதான். அந்தக் காலத்தில் 12 படுக்கைகள், பார்த்துக்கொள்ள நாற்பது வயது தாண்டிய ஒரு பெண். உடம்பு நன்றாக இருப்பவருக்கு ஒரு ராத்திரி, நோயாளிக்குக் கூடுதல் நாள் என்று 14ஆம் நூற்றாண்டிலேயே விதி எழுதி வைத்திருக்கிறார்கள்.

காலை ஷிப்டுக்கு அந்த வழியாகத்தான் போகிறேன். கடை வாசல்களில் படுத்திருப்பவர்கள் கடை திறப்பதற்குள் எழுந்து, படுக்கைப் பையைச் சுருட்டிக்கொண்டிருப்பார்கள். அதில் ஒருவர் ஓட்டலில் சமையல்காரராக இருந்தவர். வீட்டை விற்கப்போவதாகச் சொல்லி வீட்டுக்காரர் காலி பண்ணச் சொல்லிவிட்டார். புது இடத்துக்கு ஐந்து வார வாடகை முன்பணம், அதோடு முதல் மாத வாடகையும் வேண்டும். கையில் இல்லை. கொஞ்ச நாள் நண்பர் வீட்டு சோபா, அப்புறம் கார், அப்புறம் தெரு. குளிரைக்கூடத் தாங்கிவிடலாம், நனைந்த காலுறை காயாமல் கிடப்பதுதான் கொடுமை என்றார். பேச்சில் எவ்வளவு மரியாதை தெரியுமா அக்கா! என் வேலையைப் பற்றித்தான் முதலில் கேட்டார்.

சின்ன ஊரில் இரண்டு பெரிய பல்கலைக்கழகங்கள். மாணவர்களுக்கு அறை அறையாக விட்டால் வீட்டுக்காரருக்கு லாபம், வாடகை ஏறுகிறது. என் ஒற்றை அறைக்கே மாதம் 600 பவுண்டு.

வீடில்லாதவர்களுக்குக் கவுன்சில், அதாவது இந்த ஊர் நகராட்சி, உதவ வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. ஆனால் உடனே தங்க இடம் தர வேண்டியது கர்ப்பிணிகள், பிள்ளை குட்டிக்காரர்கள், வீட்டில் அடி உதைக்குத் தப்பி வந்தவர்கள், நோயால் தளர்ந்தவர்கள் போன்றோருக்குத்தான். தனி ஆள், திடமாக இருக்கிறார் என்றால் பெரும்பாலும் ஆலோசனையோடு சரி. இந்த ஊரோடு தொடர்பு உண்டா என்றும் பார்ப்பார்கள். பொதுவாகக் கடந்த 12 மாதங்களில் 6 மாதம் இங்கே வசித்திருக்க வேண்டும். வேலை தேடிப் பல ஊர் சுற்றியவர் அதற்கு எங்கே போவார்? வெப்பம் பூஜ்யத்துக்குக் கீழே போகும் என்று வானிலை அறிவிப்பு வந்தால்தான் பெரும்பாலும் அவசரப் படுக்கைகள் திறப்பார்கள். மூன்று டிகிரியில் மழை கொட்டினாலும் மனுஷன் நடுங்கத்தானே செய்வான்? எனக்கு இது ஆறவே மாட்டேன் என்கிறது.

அம்மாவுக்கு வாசித்துக் காட்டும்போது இந்தப் பத்தியை மட்டும் விட்டுவிடு. என் விசாவில் பொது நிதி உதவி கிடையாது என்று போட்டிருக்கிறது. வேலை போனால் வாடகைக்கு அரசு உதவி கேட்க முடியாது, கவுன்சிலிடம் வீடும் கேட்க முடியாது. அதனால்தான் மூன்று மாத வாடகையைத் தனியாக எடுத்து வைக்கிறேன். பயப்படாதே, வேலை நன்றாகத்தான் போகிறது.

ஞாயிற்றுக்கிழமை லீவு கிடைத்தால், பக்கத்துச் சர்ச்சில் தெருவில் படுப்பவர்களுக்குக் காலை உணவு கொடுக்கும் இடத்தில் பாத்திரம் கழுவப் போகிறேன். கம்பளிக் காலுறை கேட்டிருக்கிறார்கள், நான்கைந்து கட்டு வாங்கப் போகிறேன். இந்த மாதம் அனுப்புகிற பணம் கொஞ்சம் குறையும். நகைக் கடன் வட்டியை முதலில் கட்டிவிடு, சீட்டுப் பணத்தை அடுத்த மாதம் சேர்த்து அனுப்புகிறேன்.

அன்புடன்,
உன் தங்கை