நவம்பர் 9 ஏன் விடுமுறை நாள் இல்லை

தஞ்சாவூர்,
நவம்பர் 12.

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நானும் உன் அம்மாவும் நலமாக இருக்கிறோம். பெர்லினில் குளிர் தொடங்கிவிட்டது என்றாய், உடம்பைப் பார்த்துக்கொள்.

பெர்லின் சுவர் திறந்த நவம்பர் 9ஐ விட்டுவிட்டு, அக்டோபர் 3ஆம் தேதியை ஏன் தேசிய நாளாகக் கொண்டாடுகிறார்கள் என்று தொலைபேசியில் கேட்டாய். முப்பது ஆண்டுகள் வரலாறு கற்பித்தவன், சொந்த மகளின் கேள்விக்கு இரண்டே வாக்கியங்களில் பதில் சொல்லி முடித்துவிட்டேனே என்று அன்று இரவு உறக்கம் வரவில்லை. ஆகவேதான் இந்தக் கடிதம்.

உன் கேள்விக்கான விடை நீ அனுப்பிய படத்திலேயே இருக்கிறது. உன் குடியிருப்பு வாசலின் நடைபாதையில் ஒரு மூதாட்டி மண்டியிட்டு, தரையில் பதித்த சிறு பித்தளைத் தகட்டைத் துணியால் தேய்க்கிறார். பக்கத்தில் ஒரு மெழுகுவத்தி எரிகிறது. அதைப் பார்த்த உன் அம்மா, "வெள்ளிக்கிழமைக்குக் குத்துவிளக்கைப் புளி போட்டுத் துலக்குவதுபோல் அல்லவா துலக்குகிறார்" என்றாள். அந்தக் கல்லுக்கு ஸ்டோல்பர்ஸ்டைன், அதாவது இடறுகல், என்று பெயர். நாஜிகளால் துரத்தப்பட்டவர்களும் கொல்லப்பட்டவர்களும் கடைசியாகத் தம் விருப்பப்படி வாழ்ந்த வீடுகளின் முன்னால் இவற்றைப் பதிக்கும் பணியைத் தொடங்கியவர் கூன்டர் டெம்னிக் என்னும் கலைஞர். ஆண்டுதோறும் நவம்பர் 9 அன்று பலர் இக்கற்களைத் துலக்கி விளக்கேற்றுகிறார்கள்.

ஜெர்மானியர் அந்தத் தேதியை 'விதியின் நாள்' என்று சொல்வதுண்டு. எனக்கு அந்தச் சொல்லில் உடன்பாடில்லை, அம்மா. அந்த நாளில் நடந்தவற்றுள் பெரும்பாலானவை ஒன்றிலிருந்து ஒன்று கிளைத்தவை. விதியின் தலையில் போட்டுவிட்டால், செய்தவர்கள் தப்பித்துவிடுகிறார்கள்.

1918இல் முதல் உலகப் போரில் தோல்வி உறுதியானபோது, நவம்பர் 9 அன்று பெர்லினில் புரட்சி வெடித்தது. பேரரசர் இரண்டாம் வில்ஹெல்ம் முடி துறந்ததாக, அவருடைய ஒப்புதலைக்கூடப் பெறாமல், தலைமை அமைச்சர் அறிவித்தார். அன்று பிற்பகலில் சமூக ஜனநாயகவாதியான பிலிப் ஷைடமான் நாடாளுமன்றக் கட்டடத்திலிருந்து குடியரசைப் பிரகடனம் செய்தார். சில மணி நேரத்துக்குள் தீவிர இடதுசாரித் தலைவரான கார்ல் லீப்னெக்ட் அரண்மனையிலிருந்து சோசலிசக் குடியரசை அறிவித்தார். ஒரே நாளில் இரண்டு குடியரசுகள். போரில் தோற்ற கசப்பையெல்லாம் அந்தக் குடியரசின் மேல் ஏற்றி, அதை நிறுவியவர்களை 'நவம்பர் குற்றவாளிகள்' என்று ஏசியவர்களுள் ஒருவர் ஹிட்லர். 1923 நவம்பர் 8 இரவு மியூனிக் நகரத்து மதுக்கூடம் ஒன்றில் ஆட்சிக் கவிழ்ப்பைத் தொடங்கிய அவர், மறுநாள் நண்பகலில் தம் ஆட்களுடன் ஊர்வலமாகச் சென்றார், காவல்துறை சுட்டது, முயற்சி தோற்றது. காவலர் 4 பேர் உயிரிழந்தனர். தம் தரப்பில் இறந்ததாகக் கணக்கிட்ட 16 பேரை, 1933இல் ஆட்சிக்கு வந்த நாஜிகள் தியாகிகளாக்கி, ஆண்டுதோறும் மியூனிக்கில் கூடி விழா எடுத்தார்கள்.

அந்த விழாவை மறந்துவிடாதே. 1938 அதிலிருந்துதான் வருகிறது. அந்த அக்டோபர் இறுதியில் போலந்துக் குடியுரிமை கொண்ட சுமார் 17,000 யூதர்களை ஜெர்மனி எல்லைக்குத் துரத்தியது. அவர்களுள் தன் பெற்றோரும் இருப்பதை அஞ்சலட்டை மூலம் அறிந்த ஹெர்ஷல் கிரின்ஷ்பான் என்னும் 17 வயதுப் பையன், பாரிஸிலிருந்த ஜெர்மன் தூதரக அதிகாரி எர்ன்ஸ்ட் ஃபோம் ராத்தைச் சுட்டான். ராத் நவம்பர் 9 அன்று இறந்தார். அன்று இரவு நாஜிக் கட்சியின் பழைய தோழர்கள் அனைவரும் விழாவுக்காக மியூனிக்கில் ஒரே கூரையின்கீழ் கூடியிருந்தார்கள். நாஜிகளின் பரப்புரை அமைச்சர் கோயபல்ஸ் பேசினார், கேட்டவர்கள் எழுந்துபோய்த் தத்தம் ஊர்களுக்குத் தொலைபேசியில் கட்டளையிட்டார்கள். யூதர்களின் ஜெப ஆலயங்கள் எரிந்தபோது, பக்கத்துக் கட்டடங்களுக்குத் தீ பரவாமல் பார்த்துக்கொள்வது மட்டுமே தீயணைப்புப் படையினருக்கு இட்ட பணியாக இருந்தது. ஏறத்தாழ 7,500 கடைகள் சூறையாடப்பட்டன. சுமார் 30,000 யூத ஆண்கள் வதைமுகாம்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். போதாததற்கு, பறிகொடுத்தவர்கள்மீதே நூறு கோடி மார்க் தண்டம் விதித்தார்கள். வகுப்பில் இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் எனக்குக் குரல் கம்மும். அண்டை வீட்டார் எத்தனை பேர் சாளரத்தருகே நின்று பார்த்துக்கொண்டிருந்திருப்பார்கள் என்ற எண்ணம் என்னை விட்டதே இல்லை.

1989 மட்டும் உண்மையிலேயே தற்செயலாக இந்தத் தேதியில் விழுந்தது. மக்கள் மேற்கு ஜெர்மனிக்குப் போக வழிவிடும் கிழக்கு ஜெர்மன் அரசின் புதிய பயண விதிகள் மறுநாள்தான் நடைமுறைக்கு வரவிருந்தன. அது தெரியாத, ஆளுங்கட்சித் தலைவர்களுள் ஒருவரான குந்தர் ஷபோவ்ஸ்கி, செய்தியாளர் கூட்டத்தில் எப்போதிலிருந்து என்ற கேள்வி எழுந்ததும் தாள்களைப் புரட்டிவிட்டு, தமக்குத் தெரிந்தவரை உடனடியாக என்று சொல்லிவிட்டார். தொலைக்காட்சியில் கேட்டவர்கள் சோதனைச் சாவடிகளை நோக்கி நடந்தார்கள். போர்ன்ஹோல்மர் சாலைச் சாவடியில் பணியிலிருந்த ஹரால்ட் யேகர் மேலதிகாரிகளைத் தொலைபேசியில் மீண்டும் மீண்டும் அழைத்தும் தெளிவான உத்தரவு வரவில்லை. அதிகமாகக் கூச்சலிடுபவர்களை மட்டும் வெளியே விட்டு, அடையாள அட்டையில் புகைப்படத்தின்மேல் முத்திரை குத்தி, அவர்கள் திரும்ப முடியாதபடி செய்யச் சொன்னார்கள். அப்படிப் போன ஓர் இளம் தம்பதி சிறிது நேரத்திலேயே திரும்பிவந்து, பிள்ளைகள் வீட்டில் இருக்கிறார்கள், உள்ளே விடுங்கள் என்று கேட்டபோது, யேகர் உத்தரவை மீறி அவர்களை விட்டார். இரவு பதினொன்றரை மணியளவில் கதவையே திறக்கச் சொன்னார். 28 ஆண்டுகள் நின்ற சுவர், ஒருவரும் சுடாமல் திறந்தது.

இப்போது உனக்கே விளங்கியிருக்கும். அந்த மகிழ்ச்சியைக் கொண்டாட நாட்டுக்கே விடுமுறை விட்டு வாணவேடிக்கை நடத்தினால், அதே தேதியில் எரிந்த ஆலயங்களை என்ன செய்வது? ஆகவே 1990இல் கிழக்கு, மேற்கு ஜெர்மனிகள் சட்டப்படி இணைந்த அக்டோபர் 3 தேசிய நாளாயிற்று. அது உணர்ச்சி குறைந்த தேதி என்று குறைப்படுவோர் உண்டு. அந்த முடிவில் இருந்த அடக்கத்தை நான் மதிக்கிறேன்.

படத்தில் அந்த மூதாட்டியின் துணி எழுத்துகளை மறைத்திருக்கிறது. 'இங்கே வாழ்ந்தார்' என்ற முதல் வரி மட்டும் தெரிகிறது. வேலைக்குப் போகும்போது சற்று நின்று, பெயரையும் பிறந்த ஆண்டையும் குறித்து அனுப்பு. அவர் பெரியவரா குழந்தையா என்று உன் அம்மா நேற்றிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

அன்புடன்,
அப்பா